நாட்டு நலப்பணித் திட்டம்: திட்ட அலுவலராக இருந்த ஒருவரின் மதிப்பீடு

கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர்களிடம் என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் படிவத்தைக் கொடுக்கும்போது மாணவர்களும் பெற்றோரும் தவறாமல் கேட்பது, இதில் சேர்ந்தால் என்ன பயன் என்பதுதான். தென் மாவட்டம் ஒன்றின் கலை அறிவியல் கல்லூரியில் திட்ட அலுவலராக இருந்தவன் என்ற முறையில் அதற்குப் பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன். சான்றிதழ் கிடைக்கும், வேலைக்கு உதவும் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவையை மதிப்பிட அது போதாது. அதை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, மாணவனுக்கும் கிராமத்துக்கும் அதில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் பாராட்ட வேண்டியது, இது விரும்பியவர்கள் சேரும் திட்டமாக வகுக்கப்பட்டிருப்பது. அந்த முடிவு தற்செயலாக வந்ததல்ல. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்கள் அனைவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகத் தேசியப் பணி செய்ய வேண்டும் என்று சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு 1959-இல் பரிந்துரைத்தது. அதற்கு ஆகும் செலவையும் நடத்துவதிலுள்ள சிரமத்தையும் எண்ணி அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. பிறகு கோத்தாரி கல்விக்குழு உட்படப் பலரும் இதை விவாதித்து, கடைசியில் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் இதைத் தொடங்கிவைத்தார். அன்று 40,000 மாணவர்கள் இருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 40 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் இங்கே பல பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் பகுதி ஐந்து என்ற பெயரில் விரிவாக்கப் பணிக்கு மதிப்புப்புள்ளி வைத்திருப்பதால், விளையாட்டிலும் என்.சி.சி.யிலும் இடம் கிடைக்காதவர்கள் வேறு வழியின்றி இதில் வந்து சேர்கிறார்கள். ஏட்டில் விருப்பமாக இருப்பது நடைமுறையில் பாதிக் கட்டாயமாகிவிடுகிறது. தொண்டு மனப்பான்மையோடு வருபவர்களையும் வருகைப் பதிவுக்காக வருபவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி வேலை வாங்குவது எந்தத் திட்ட அலுவலருக்கும் கடினம்.

நிர்வாக அமைப்பு தெளிவாகவே இருக்கிறது. மேலே மத்திய இளைஞர் நலம் மற்றும் விளையாட்டுத் துறை அமைச்சகம்; அதன்கீழ் இயக்ககமும் மண்டல இயக்ககங்களும்; மாநில அளவில் என்.எஸ்.எஸ். பிரிவும் மாநில அலுவலரும், பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைப்பாளர், கல்லூரியில் நூறு தொண்டர்கள் கொண்ட அலகு ஒன்றுக்கு ஒரு திட்ட அலுவலர். மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்து, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொண்டால் சான்றிதழ் பெறலாம். கல்லூரி அளவில் ஓர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்றும், அதில் வளர்ச்சித் துறை அலுவலர் ஒருவரும், கல்லூரி தன் பணிக்கெனத் தத்தெடுத்த கிராமத்தைச் சேர்ந்த ஒருவரும், மாணவத் தலைவர்களும் இடம்பெற வேண்டும் என்றும் திட்டக் கையேடு சொல்கிறது. எழுதியவர்கள் நன்கு சிந்தித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழு கூடி, கிராமத்துக்காரர் வாய் திறந்து பேசி, அவர் சொன்னதை வைத்து வேலை மாற்றி அமைக்கப்பட்டதை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். பல இடங்களில் அது கையெழுத்து வாங்கும் பதிவேடாக நின்றுவிடுகிறது.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முன்பு மத்திய அரசும் மாநில அரசும் ஏழுக்கு ஐந்து என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொண்டன. மாநிலத்தின் பங்கு வரும்வரை மத்தியப் பங்கும் தேங்கிக் கிடக்கும் நிலை இருந்ததால், 2016 ஏப்ரல் முதல் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்றது. அது நல்ல மாற்றம். ஆயினும் நான் பொறுப்பில் இருந்தபோது வழக்கமான பணிகளுக்குத் தொண்டர் ஒருவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாயும், சிறப்பு முகாமுக்குத் தலைக்கு 450 ரூபாயும்தான் அனுமதி. ஐம்பது பேர் செல்லும் முகாமுக்கு 22,500 ரூபாய். ஏழு நாளைக்குப் பிரித்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 64 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு, தேநீர், போக்குவரத்து, மண்வெட்டி வாடகை, மருந்துப் பெட்டி, தொடக்க விழா நிறைவு விழாச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதுவும் முகாம் முடிந்து, கணக்கு ஒப்படைத்து, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிய பிறகே கைக்கு வரும். அதுவரை மளிகைக்கடைப் பாக்கியை ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்து அடைக்க வேண்டியிருக்கும். ஊர்க்காரர்கள் கொடுக்கும் அரிசியும் காய்கறியும், பள்ளித் தலைமையாசிரியர் திறந்துவிடும் இரண்டு வகுப்பறைகளும் இல்லையென்றால் முகாமே நடக்காது. தேசியத் திட்டம் என்று நாம் சொல்வது, அந்த ஏழு நாட்களில் பெரும்பாலும் உள்ளூர் மக்களின் தயவில்தான் நிற்கிறது. அந்தத் தயவுக்குத் திட்டத்தின் கணக்கில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருவது.

திட்டத்தின் பெரிய குறை கண்மாய்க் கரையில்தான் கண்ணுக்குத் தெரியும். எங்கள் பகுதியில் முகாம் என்றால் வரத்துக்கால்வாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டுவது வழக்கமான வேலை. மாணவர்கள் கையில் கொப்புளம் போடும் அளவுக்கு உழைப்பார்கள். மூன்றாம் நாள் மாலை கால்வாயின் அடித்தளம் தெரியும்போது அவர்கள் முகத்தில் வரும் பெருமிதத்தை எந்த வகுப்பறையிலும் பார்க்க முடியாது. ஆனால் சீமைக் கருவேலத்தைத் தூரோடு பெயர்க்காவிட்டால் அடுத்த மழைக்கு அதே தூரிலிருந்து நான்கைந்து கிளையாகத் தழைத்துவிடும். தூரைப் பெயர்க்க மண் அள்ளும் இயந்திரம் வேண்டும். அதை வரவழைப்பது ஊராட்சியால் முடியும், மாணவர்களால் முடியாது. அதே கால்வாயில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தூர்வாரும் பணி வேறொரு மாதத்துக்குத் திட்டமிடப்பட்டிருக்கும். இரண்டு பணிகளும் ஒரே நேரத்தில், ஒன்றன் தொடர்ச்சியாக மற்றொன்று நடந்திருந்தால் கால்வாயில் தண்ணீர் ஓடியிருக்கும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை. மறு ஆண்டு கல்லூரி வேறொரு கிராமத்தைத் தத்தெடுத்துவிடும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2 கூட்டத்தில் முகாம் திட்டத்தை வைத்து, ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தோடு அதை இணைத்து, ஜனவரி 26 கூட்டத்தில் மாணவர்களே செய்த வேலையை விளக்கினால் போதும். ஊர் கேட்கும் கேள்விக்கு இருபது வயதுப் பிள்ளை நின்று பதில் சொல்வதைவிடச் சிறந்த குடிமைப் பயிற்சி வேறு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

கல்லூரிக்கு வெளியே உள்ள இளைஞர்களுக்கு 1972-இல் தொடங்கிய நேரு யுவ கேந்திரா மாவட்டந்தோறும் இளைஞர் மன்றங்களை நடத்திவந்தது. 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கப்பட்ட 'மை பாரத்' தளம் இப்போது 15 முதல் 29 வயது வரையுள்ளவர்கள் அனைவரையும் ஒரே இடத்தில் சேர்க்க முயல்கிறது. கைப்பேசியில் பதிவு செய்வது எளிது; எங்கே என்ன நிகழ்ச்சி என்று தெரிந்துகொள்ளலாம்; சான்றிதழும் அதிலேயே வரும். தொடர்புக்கு இது பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நாள் தூய்மைப் பணிக்குப் பெயர் கொடுத்துப் படம் ஏற்றிவிட்டு வருவதும், ஓர் ஊரில் ஏழு நாள் தங்கி அந்த ஊரின் சோற்றைத் தின்று வேலை செய்வதும் ஒன்றல்ல.

உள்ளூர் ஆதரவு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இல்லம் தேடிக் கல்வியைப் பார்க்கலாம். கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தமிழக அரசு அதைத் தொடங்கியபோது, சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெரிய பணம் அல்ல. ஆனால் தன்னார்வலர் அதே தெருவைச் சேர்ந்தவர். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவரைத் தெரியும். பிள்ளை ஒரு நாள் வரவில்லையென்றால் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவார். என்.எஸ்.எஸ்.ஸில் இல்லாத அந்தப் பக்கத்துணை அங்கே இருந்தது.

திட்ட அலுவலரைப் பற்றியும் ஒரு சொல். பாடவேளை குறையாது, தாள் திருத்தும் பணி குறையாது, பொறுப்பு மட்டும் கூடும். மூன்றாண்டுப் பொறுப்பை ஓராண்டு நீட்டிக்கலாம் என்பது விதி. ஒரு கிராமத்தை அவர் முழுதாகப் புரிந்துகொள்ளும் நேரத்தில் ஆள் மாறிவிடுவார். வாரத்தில் சில பாடவேளைகளையாவது குறைத்துக் கொடுத்தால் பலர் இதை மகிழ்ந்து செய்வார்கள்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் மாணவர்கள் இதில் சேர வேண்டும் என்றே சொல்வேன். சேருமுன் திட்ட அலுவலரிடம் சிலவற்றைக் கேளுங்கள்: தத்தெடுத்த கிராமம் எது, எத்தனை ஆண்டுகளாக அதே கிராமம், ஊராட்சித் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் கடைசியாக எப்போது கல்லூரிக் குழுவில் உட்கார்ந்தார்கள், சென்ற முகாமில் நட்ட மரக்கன்றுகளை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள். மகளை அனுப்பும் பெற்றோர், முகாமில் உடன் தங்கும் பெண் ஆசிரியர் யார், கழிப்பறை எங்கே, இரவில் பெண்கள் தங்கும் அறைக்குப் பூட்டும் விளக்கும் இருக்கின்றனவா என்று தயங்காமல் கேட்க வேண்டும். பொறுப்பான அலுவலர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார். பெரும்பாலும் அந்தக் கிராமத்துக்கே உங்களை ஒருமுறை அழைத்துச் செல்வார்.