நரி வாடையும் ஆரஞ்சு மணிகளும்: கிரவுன் இம்பீரியலோடு ஐந்து வருடம்

லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டுப் பின்பக்க வேலியோரம் நாள் முழுக்க வெயில் விழும் பாத்தி ஒன்று இருக்கிறது. 2019 அக்டோபரில் அதில் மூன்று கிரவுன் இம்பீரியல் கிழங்கு வைத்தேன். உயரமான தண்டின் உச்சியில் மணி மாதிரி பூக்கள் தலைகீழாகத் தொங்கும் செடி அது. ஒவ்வொன்றும் பெரிய வெங்காயம் அளவு. நடுவில் பழைய தண்டு இருந்த ஓட்டை. அதில் தண்ணீர் தேங்கினால் அழுகும் என்பதால் சாய்த்து வைத்தேன். கோட்டை விட்டது ஆழத்தில். களிமண்ணில் மண்வெட்டி இறங்கவில்லை. அரைச் சாணோடு போதும் என்று மூடிவிட்டேன்.

முதல் ஏப்ரலில் மூன்றும் பூத்தன. கிழங்குக்குள்ளேயே மொட்டு தயாராக வந்திருக்கும், அதில் என் திறமை ஒன்றுமில்லை. அடுத்த வருடம் வெறும் இலை. 2021 ஜூலையில் இலை காய்ந்ததும் தோண்டி, செப்டம்பரில் பருமணல் கலந்து 25 சென்டிமீட்டர் ஆழத்தில் திரும்ப வைத்தேன். 2022இல் இரண்டு பூத்தன, 2023இல் மூன்றும். இப்போது என் நெஞ்சுயரம்.

அந்தப் பூவைக் குனிந்து, கீழேயிருந்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மணிக்குள்ளும் இதழுக்கு ஒன்றாக ஆறு தேன்துளி, கண்ணீர் மாதிரி தளும்பிக்கொண்டு நிற்கும். காலையில் புளூ டிட் குருவிகள் தண்டில் தொங்கிக்கொண்டு அதைக் குடிக்கும்.

வாடையையும் சொல்லிவிட வேண்டும். மார்ச்சில் முளை வந்ததுமே நரி மூத்திர வாடை. பக்கத்து வீட்டம்மா, உங்கள் வேலிக்குக் கீழே நரி குட்டி போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டார்.

வாடையைவிடப் பெரிய தொல்லை இலையைத் தின்னும் சிவப்பு லில்லி வண்டு. கை கிட்டே போனதும் மல்லாக்க விழும். கறுப்பு வயிறு மேலே வந்தால் மண்ணில் கண்ணுக்கே தெரியாது. அதனால் ஒரு கையைக் கீழே ஏந்திக்கொண்டுதான் பிடிக்கிறேன். அதன் புழு தன் எச்சத்தையே முதுகில் பூசிக்கொண்டு இருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு முன் அந்த வேலை வேண்டாம்.

கூடவே வைத்த டூலிப்பை அணில் தோண்டித் தின்றுவிட்டது. உருண்டையாக ஊதாப் பூ பூக்கும் அலங்கார வெங்காயமான அல்லியம் ‘பர்ப்பிள் சென்சேஷன்’ மட்டும் எதுவும் கேட்காமல் மே மாதம் தவறாமல் வருகிறது. பூக்கும்போதே அடியிலை மஞ்சளாகிவிடும், அதனால் அதை மறைக்க முன்னால் வேறு செடி வேண்டும். திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “வெங்காயத்தைப் பூக்க விட்டுட்டு வேடிக்கை பாக்குறியேடா” என்றார். அது வெங்காயக் குடும்பம்தான், மறுத்துப் பேச வழியில்லை.

இந்த அக்டோபரில் டூலிப்புக்கு ஒதுக்கிய காசில் மஞ்சள் கிரவுன் இம்பீரியல் இரண்டு வாங்கப் போகிறேன். இந்த முறை படுக்கையறை ஜன்னலுக்குத் தள்ளி.