கஜிமியெஷா, சாண்டோமியெஷா?

போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் ஒரு பழைய சிற்றூரைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு பெயர்கள் போட்டிக்கு வரும்: கஜிமியெஷ் டோல்னி, சாண்டோமியெஷ். முன்னதில் ஏறத்தாழ 2,500 பேர். பின்னதில் 20,000-க்கும் மேல். இரண்டும் ஆற்று வாணிபத்தில் செழித்தவை. இரண்டின் அடியிலும் இருப்பது, காற்று கொண்டுவந்து குவித்த லோயஸ் மண்.

அந்த மண்ணை நீரும் வண்டித் தடங்களும் அறுத்து, கஜிமியெஷைச் சுற்றி ஆழமான பள்ளங்களாக்கிவிட்டன. 'கோஜெனியோவி டூவ்' என்னும் பள்ளத்தில் நடந்தால் தலைக்கு மேல் மரவேர்கள் பின்னிக் கிடக்கும். சாண்டோமியெஷ் வணிகர்களோ அதே மண்ணைக் குடைந்து அடுக்கடுக்காக நிலவறைகள் அமைத்தார்கள். விளைவாக 1960களில் பழைய நகரமே சரியத் தொடங்கியது; சுரங்கத் தொழிலாளர்களை வரவழைத்துத்தான் காப்பாற்ற முடிந்தது. மிஞ்சிய நிலவறைகளை இணைத்து, சுமார் 470 மீட்டர் நீளப் பாதையாகத் திறந்திருக்கிறார்கள்.

கட்டட அழகு என்றால் என் ஓட்டு சாண்டோமியெஷுக்கு. சரிவான சந்தைச் சதுக்கம், நடுவில் நகர மன்றம், மேலேறிப் பார்க்க ஒபாத்தூவ் வாயில் என்று ஊர் முழுமையாக நிற்கிறது. துப்பறியும் பாதிரியார் தொலைக்காட்சித் தொடர் ஒன்று 2008 முதல் இங்கே கதை நடத்துகிறது. இவ்வளவு சாதுவான ஊரில் எத்தனை கொலைகள்! கஜிமியெஷில் தானிய வணிகர்களான ப்ஷிபிவா சகோதரர்கள் 1615-இல் எழுப்பிய சிற்ப முகப்பு வீடுகளுக்கு ஈடு இல்லை. ஆனால் கோடைக்கால வார இறுதியில் அவற்றை நின்று பார்க்கக் கூட்டம் விடாது.

யூதர் வரலாற்றை இரண்டும் எதிர்கொண்ட விதம் வேறு. போருக்கு முன் கஜிமியெஷ் மக்களில் பாதிப்பேர் யூதர்கள். நாஜிகள் பெயர்த்த அவர்களது கல்லறைக் கற்களைச் சேர்த்து 1984-இல் ஒரு நினைவுச்சுவர் எழுப்பினார்கள். நடுவே வேண்டுமென்றே விடப்பட்ட பிளவு. சாண்டோமியெஷ் பேராலயத்திலோ, யூதர்கள் கிறித்தவக் குழந்தைகளைக் கொல்வதாகப் பழிசுமத்தும் 18-ஆம் நூற்றாண்டு ஓவியம் இன்றும் தொங்குகிறது. அந்தப் பழி பொய் என்று விளக்கும் பலகை மிகத் தாமதமாகத்தான் வந்தது.

கஜிமியெஷுக்கு ரயில் இல்லை. புவாவியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். சாண்டோமியெஷில் நிலையம் உண்டு, ஆற்றுக்கு அக்கரையில். ஒரே நாள்தான் என்றால் சாண்டோமியெஷ். இரவு தங்க முடிந்தால், அதுவும் வார நாளில், கஜிமியெஷ்: பருவகாலத்தில் ஓடும் படகில் அக்கரை போய் யானோவியெத்ஸ் கோட்டை இடிபாடுகளையும் பார்த்துவிடலாம்.