எட்டு வருடம், 80,000 மைல்: கடை பிராண்டு ஆயிலில் ஓடும் என் கேம்ரி

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த தம்பி ஒருவர் தன் முதல் காரை வாங்கினார். பழைய கொரோலா. வாங்கிய வாரமே கேட்டார்: "அண்ணே, வால்மார்ட்ல சூப்பர் டெக்னு ஒரு ஆயில் கேன் இருக்கு. பேர் பெத்த மொபில் ஒன் ஆயிலைவிட ஏழெட்டு டாலர் கம்மி. அதை ஊத்தினா எஞ்சின் போயிடுமாண்ணே?"

2017 அக்டோபரில் இதே கேள்வியோடு அதே அலமாரி முன்னால் நான் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அன்று வால்மார்ட்டின் சொந்த பிராண்டான அந்த விலை குறைந்த கேனைத்தான் எடுத்தேன். அதன்பிறகு இன்றுவரை வேறு ஆயில் ஊற்றவில்லை. எட்டு வருடக் கணக்கு கையில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி 2013 டொயோட்டா கேம்ரி, 2.5 லிட்டர், நாலு சிலிண்டர். 38,000 மைலில் வாங்கினேன். 62,000 வரை பெயர் பெற்ற பிராண்டுதான். இப்போது 1,42,000 மைல். இடையில் ஓடிய 80,000 மைலும் சூப்பர் டெக் ஃபுல் சிந்தெட்டிக் 0டபிள்யூ-20தான். 5,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியதில் மொத்தம் பதினாறு கேன்.

அன்று என் பயத்தைப் போக்கியது கேனின் பின்பக்கம்தான். அங்கே வட்டமாக ஒரு முத்திரை இருக்கும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ தருவது, இங்கே டோனட் என்பார்கள். மேல் வளைவில் தரம், நடுவில் 0டபிள்யூ-20 போன்ற பிசுபிசுப்பு எண். அப்போது தரம் எஸ்என், 2020 மே மாதத்தில் எஸ்பி வந்தது, 2025 மார்ச்சில் எஸ்க்யூ. முன்பக்கம் சூரியக் கதிர் போல ஒரு சின்னம் இருந்தால் கார் கம்பெனிகள் சேர்ந்து வகுத்த ஐல்சாக் தரமும் உண்டு. இந்த உரிமம் வாங்க தேய்மானம், கசடு, ஆவியாதல் என்று எஞ்சினில் ஓட்டியும் ஆய்வகத்திலும் செய்யும் சோதனைகளில் தேற வேண்டும். சூப்பர் டெக்குக்கு ஒரு தேர்வு, மொபில் ஒன்னுக்கு வேறு தேர்வு என்று கிடையாது.

உள்ளே இருப்பதையும் பார்ப்போம். எஞ்சின் ஆயில் என்பது அடிப்படை எண்ணெயும் அதில் கலக்கும் சேர்மானமும்தான். சேர்மானக் கலவையை உலகம் முழுவதற்கும் பெரும்பாலும் நாலே கம்பெனிகள்தான் செய்கின்றன: லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட். கடைகளின் பெயரில் விற்கும் ஆயிலைக் கலந்து அடைப்பதையே பெரிய தொழிலாக நடத்தும் வாரன் என்ற கம்பெனி நெப்ராஸ்காவின் ஓமஹாவில் இருக்கிறது. காஸ்ட்கோ என்ற மொத்த விற்பனைக் கடையின் கர்க்லாண்ட் ஆயில் அவர்களுடையது. ஆக, கடை பிராண்டு என்றதும் யாரோ கொல்லைப்புறத்தில் டிரம்மில் கலக்குவதாக நினைக்க வேண்டாம்.

எழுத்தில் உள்ளதெல்லாம் சரி, நடப்பில் எப்படி? எனக்கு நம்பிக்கை வந்த நாள் 2019 ஜனவரி 30. சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் அன்று மைனஸ் 23 ஃபாரன்ஹீட், செல்சியஸில் மைனஸ் முப்பதுக்கும் கீழே. என் வண்டி சிகாகோ பக்கத்து ஊரான அரோராவில் அபார்ட்மென்ட் வாசலில், திறந்த வெளியில் இரவு முழுக்க நின்றது. காலையில் கதவுப் பிடியே கையுறையோடு ஒட்டியது. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் ஒரு சுற்று முனகிச் சுற்றியது, இரண்டாவது சுற்றில் எஞ்சின் பற்றிக்கொண்டது. ஆயில் விளக்கு இரண்டு விநாடிக்குள் அணைந்தது. பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டேன். மேல்பக்கத்தில் டிக் டிக் என்ற உலோகச் சத்தம் எதுவும் இல்லை. 0டபிள்யூ என்று கேனில் போட வேண்டுமானால் மைனஸ் 35 செல்சியஸிலும் எஞ்சின் சுழலும் அளவுக்கு ஆயில் இளக்கமாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி என் கண்முன்னால் வேலை செய்ததை அன்று பார்த்தேன்.

ஆனாலும் ஆயில் மாற்றிய நாளிலிருந்தே ஓர் உறுத்தல் இருந்தது. இண்டியானாவின் ஃபோர்ட் வெயினில், பழைய ஆயிலைச் சோதிக்கும் பிளாக்ஸ்டோன் ஆய்வகத்துக்கு மூன்று முறை பழைய ஆயிலை அனுப்பினேன். கேட்டால் சின்னப் புட்டி ஒன்று தபாலில் வரும். எஞ்சினின் அடியில் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, முதல் ஓட்டம் போனபிறகு நடுவில் பிடித்து அனுப்ப வேண்டும். முதல் மாதிரி பெயர் பெற்ற பிராண்டின் கடைசி ஆயில், மற்ற இரண்டும் சூப்பர் டெக். தேய்மானத்தைக் காட்டும் இரும்பு 9, 8, 11 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) என்று வந்தது. அலுமினியமும் செம்பும் மூன்றிலும் மிகக் குறைவு. வித்தியாசம் தெரிந்தது ஒரே இடத்தில்தான். அமிலத்தைச் சமாளிக்க ஆயிலில் மிச்சமிருக்கும் காரச் சக்தி, அதாவது டிபிஎன், பெயர் பெற்ற ஆயிலில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. டொயோட்டா கையேடு இந்த வண்டிக்கு 10,000 மைல் வரை அனுமதிக்கிறது. அவ்வளவு தூரம் இழுப்பதென்றால் நான் விலை கூடிய ஆயிலுக்கே போவேன். எனக்கு 5,000 போதும். கேன் மலிவாக இருப்பதால் மாற்றத் தயக்கமும் வருவதில்லை.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஃபில்டர். கேம்ரியில் காகித உருளை மட்டும் மாற்றும் வகை, நான் டொயோட்டா பாகத்தையே வாங்குகிறேன். கூடவே வரும் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, பழையது மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துத்தான் பூட்டுவேன். மூடியிலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். ஒரு விரைவு ஆயில் கடையில் என் வண்டியில் அப்படித்தான் விரிசல் விட்டது. கையால் நானே மாற்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வாரண்டி இருக்கும் வண்டிக்காரர்கள் பயப்பட வேண்டாம். 1975ஆம் வருட மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டப்படி, இலவசமாகத் தந்தாலொழிய, இந்த பிராண்டு ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று கார் கம்பெனி நிபந்தனை போட முடியாது. சொன்ன தரத்தில் ஊற்றியிருக்க வேண்டும், ரசீது இருக்க வேண்டும். என் ரசீதுகள் எல்லாம் கிளவ் பாக்ஸில் ஒரு கவரில் இருக்கின்றன.

எல்லா மலிவு ஆயிலுக்கும் நான் சான்று கொடுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை அயோவா வழியாகப் போகும்போது பெட்ரோல் பங்க் அலமாரியில் எஸ்ஏஇ 30 என்ற புட்டியைப் பார்த்தேன். சூப்பர் டெக்கைவிடவும் விலை கம்மி. திருப்பிப் படித்தால் பொடி எழுத்தில் தரம் எஸ்ஏ என்றும் (ஏபிஐ வரிசையில் மிகப் பழைய தரம்), 1930க்குப் பிறகு தயாரான பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு ஏற்றதல்ல என்றும் இருக்கிறது! ஆயில் விளக்கு எரிந்த பதற்றத்தில் ஓடிவருபவர் அதையா படிப்பார்? இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. டோனட் இல்லாத புட்டியை என்ன விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள். அதேபோல் பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன், பென்ஸ் வண்டிகளுக்கு அந்தந்தக் கம்பெனியின் ஒப்புதல் எண் தனியாக உண்டு. கையேட்டில் உள்ள எண் கேனில் இல்லையென்றால் ஊற்ற வேண்டாம்.

என் மனைவியின் வண்டி சின்ன டர்போ எஞ்சின் கார். குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக மூன்று மைல் ஓட்டத்தில் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். எந்த பிராண்டு ஊற்றினாலும் அப்படியே. அதற்கும் எஸ்பி தரத்தில் கடை பிராண்டுதான் ஊற்றுகிறேன், குளிர்காலத்தில் மட்டும் 3,000 மைலுக்கே மாற்றிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை அந்தத் தம்பி என் வீட்டுக்கு வந்திருந்தார், கையில் சூப்பர் டெக் கேன். அவருக்குக் காட்டுவதற்காக என் கேம்ரியின் ஆயில் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் ஒரு பகுதி தெரிந்தது. தேன் நிறத்தில் லேசான படிவு, விரலை விட்டுத் தடவினால் கரியோ கசடோ ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிண்ணே, என் வண்டியை ரேம்ப்ல ஏத்தவா?" என்றார். பழைய ஆயிலைக் காலியான கேனிலேயே ஊற்றி மூடினோம். உதிரிபாகக் கடையில் காசு வாங்காமல் எடுத்துக்கொள்கிறார்கள், போகும் வழியில் அவரே கொடுத்துவிட்டுப் போனார்.