குளியலறைப் பூஞ்சை: பிளீச்சிங் பவுடரா, பெயின்டா, எக்ஸாஸ்ட் ஃபேனா?

குளியலறையின் மேல்மூலைகளிலும் டைல்ஸ் இடுக்குகளிலும் படரும் கரும்பூஞ்சைக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் மூன்று வழிகள் பேசப்படுகின்றன: பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவுவது, பூஞ்சை எதிர்ப்புப் பெயின்ட் அடிப்பது, எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துவது. சென்னை அடுக்ககம் ஒன்றில், வெயில் எட்டாத எங்கள் குளியலறைக்கு மூன்றாவதையே தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பிளீச்சிங் பவுடர் மலிவானது, கறையை உடனே வெளுக்கச் செய்வது. ஆனால் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட் நுண்துளைகள் நிறைந்தது என்பதால், மேற்பரப்பு வெளுத்தாலும் உள்ளே வேரோடியது மிஞ்சிவிடுகிறது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வழக்கமான பூஞ்சை நீக்கத்துக்கு பிளீச்சைப் பரிந்துரைப்பதில்லை. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு அது கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பெயின்ட் எங்கள் குளியலறைக் கூரையின் உட்புறத்தில் மட்டும் இருக்கிறது. அதுவும் ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் கண்டிருக்கிறது. இதுவரை கறை இல்லை என்பதற்கு மேல் நான் சான்று தர இயலாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ஈரம் நின்ற இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேய்ப்பு வேலைக்கு முடிவே இராது. தேய்க்கிறவர் ஒவ்வொரு முறையும் பூஞ்சை வித்துகளையும் குளோரின் நெடியையும் சேர்த்தே சுவாசிக்கிறார். வீசிங் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது சிறிய விலையன்று. மாறாக, 40 வாட் ஃபேன் தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 1.2 யூனிட் மின்சாரமே ஆகும். குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரையும் தரையையும் வழித்துவிட்டு, அரை மணி நேரம் அதை ஓடவிடுகிறோம்.

ஆனால் மாட்டிவிட்டால் மட்டும் போதாது. உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் ஃபேன் இரைச்சல் மட்டுமே போடும். பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தாலோ அந்தக் காற்றையே இழுத்துத் தள்ளும். கதவடியில் விரல் தடிமனுக்கு இடைவெளி விட்டு, ஃபேன் முன் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தாள் உள்ளிழுக்கப்பட்டு ஒட்டி நின்றால் இழுவை சரி. வெளிப்புற மூடித் தகடுகளில் ஈரத்தூசி அப்பினால் அவை பாதி திறந்தபடி நின்றுவிடும் என்பதால் அவற்றை அவ்வப்போது துடைப்பதே இதன் பெரிய வேலை.

ஈரமான வீடுகளுக்கும் ஆஸ்துமா, இருமல் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உறுதியாகச் சொல்கிறது. எங்கள் வீட்டிலும் குழந்தையின் இரவு இருமல் குறைந்தது. ஆயினும் அதே சமயத்தில் மருத்துவர் இன்ஹேலரையும் மாற்றியிருந்ததால், முழுப் பெருமையையும் ஃபேனுக்குக் கொடுப்பது நியாயமாகாது.

மேல்வீட்டுக் கசிவால் வரும் ஓதத்துக்கு இந்த மூன்றுமே உதவா. சந்தேகம் இருந்தால், காய்ந்த சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் பின்புறம் நீர் கோத்திருந்தால், ஃபேன் வாங்கும் பணத்தை நிறுத்திவைத்து, முதலில் மேல்வீட்டாரிடம் பேசி பிளம்பரை அழைப்பதே சரி.