எல்லே நீஸ் பெயரில் ஒரு புகாட்டி: 1:18 மாதிரிக் கார் மதிப்புரை

மாதிரிக் கார் சேகரிப்பவர்களுக்குப் புகாட்டி டைப் 35 புதிதல்ல. 1924-இல் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸ் கார்ப் பந்தயத்தில் முதன்முதலாகக் களமிறங்கிய அந்த நீலக் காரைப் பல தயாரிப்பாளர்கள் பல அளவுகளில் செய்திருக்கிறார்கள். சென்ற மாதம் இணையக் கடை ஒன்றில் ரூ. 16,400 கொடுத்து நான் வாங்கியது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்திய அதன் 35சி வகை. மேடை நடனத்திலிருந்து பந்தயத்துக்கு வந்த பிரெஞ்சுப் பெண் எல்லே நீஸின் பெயரில் வெளியிடப்பட்ட சிறப்புப் பதிப்பு. அதே தயாரிப்பாளர் அதே காரை அவர் பெயர் இல்லாமல் ரூ. 2,900 குறைவாகவும் விற்கிறார். கூடுதல் தொகைக்குக் கிடைப்பவை ஓர் ஓட்டுநர் பொம்மையும் 12 பக்கக் கையேடும் மட்டுமே என்பதால், அந்தத் தொகை தகுமா என்பதையே இங்கு முக்கியமாகப் பார்க்கிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. அசல் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 2,400 மி.மீ.; அளவுகோல் வைத்துப் பார்த்தபோது மாதிரியில் அது 133 மி.மீ. இருந்தது, பதினெட்டில் ஒரு பங்கு என்ற கணக்குச் சரிதான். நிறுவனர் எத்தோரே புகாட்டியின் புகழ்பெற்ற அலுமினியச் சக்கரத்தில் எட்டுத் தட்டையான ஆரக்கால்களும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பாக இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும். மாதிரியிலும் அப்படியே செய்திருக்கிறார்கள். பெட்டியில் வரும் சிறு ஸ்பேனரால் சக்கரத்தை எடுத்ததும் உள்ளே பிரேக் கட்டைகள் தெரிகின்றன. முன் அச்சைத் துளைத்துக்கொண்டு பட்டை ஸ்பிரிங் செல்வதும், கியர் தண்டு உடலுக்கு வெளியே வலப்புறம் நிற்பதும், சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வுக்காக பானட்டின் வலப்பக்கம் இடப்பட்ட துளையும் தவறாமல் இடம்பெற்றுள்ளன. பானட்டைக் கட்டும் வார் உண்மையான தோல். அதன் கொக்கியை இடுக்கி இல்லாமல் அவிழ்க்க முயன்று நான் ஒரு நகத்தை இழந்தேன். பின்பக்கக் கூர்முனையில் பெயிண்ட் ஓரிடத்தில் கொப்புளித்திருப்பது மட்டுமே என் பிரதியில் கண்ட குறை.

பொம்மை வேறு கதை. 1920-களின் பந்தய ஓட்டுநர்கள் துணித் தொப்பியோடுதான் ஓட்டினார்கள். இந்தப் பொம்மைக்கோ பிற்காலத்துக் கடினத் தலைக்கவசத்தை மாட்டியிருக்கிறார்கள். தயாரிப்பாளரிடம் ஏற்கெனவே இருந்த ஆண் ஓட்டுநர் அச்சை எடுத்து உதட்டில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. தோள் அகலமாக இருப்பதால் இருக்கையில் முழுமையாக இறங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. நான் அதை எடுத்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

கையேட்டில்தான் என் பெரும் வருத்தம். 1900-இல் பாரிசுக்குத் தென்மேற்கே ஓனே-சு-ஓனோ என்ற சிற்றூரில் ஓர் அஞ்சல்காரரின் மகளாகப் பிறந்த எலேன் தெலாங்கில் (எல்லே நீஸின் இயற்பெயர் இதுதான்), பதின்வயதில் பாரிசுக்குச் சென்று இசையரங்குகளில் ஆடிப் புகழும் பணமும் ஈட்டியதை அது நான்கு பக்கங்களுக்கு, இறகு உடைப் படங்களுடன், விரிவாகச் சொல்கிறது. 1929-இல் பனிச்சறுக்கின்போது முழங்கால் அடிபட்டு நடன வாழ்க்கை தடைப்பட்டதும், அதே ஆண்டு ஜூனில் பாரிசுக்கு அருகிலுள்ள மோன்லேரி ஓட்டத்தளத்தில் நடந்த பெண்கள் கிராண்ட் பிரிக்ஸை ஒமேகா சிக்ஸ் காரில் வென்றதும் ஒரே பத்தியில் முடிந்துவிடுகின்றன. அடுத்து வருவது பிழை: அந்த டிசம்பரில் புகாட்டி 35சி-இல் அவர் எட்டிய வேகம் 'மணிக்கு 197 மைல்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது 197.7 கிலோமீட்டர். 197 மைல் என்றால் 317 கிலோமீட்டர். இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு அந்த வேகம் கனவிலும் வராது. உண்மையான எண்ணே போதுமான அளவு மிரட்டக்கூடியது. இரு முனைகளிலும் சுவர்போல் எழும் வளைவுகளைக் கொண்ட அந்தத் தளத்தின் ஒரு சுற்று சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். அந்த வேகத்தில் அதை முடிக்க 47 நொடிகூட ஆகாது. இருக்கைப் பட்டையோ தலைக்கவசமோ இல்லாமல் ஒருவர் செய்த வேலை இது.

1930-இல் அமெரிக்காவில் மண் தளங்களிலும் பலகைத் தளங்களிலும் ஓட்டியதும், பின்னர் ஆல்ஃபா ரோமியோ மோன்சா வாங்கி ஆண்களோடு கிராண்ட் பிரிக்ஸ்களில் போட்டியிட்டதும் கையேட்டில் பெயருக்கு வருகின்றன. 1936 ஜூலையில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பந்தயத்தின்போது நடந்த விபத்தோடு கையேடு நின்றுவிடுகிறது. மூன்றாம் இடத்துக்காகப் பிரேசில் ஓட்டுநர் மனுவல் தே தெஃபேவை நெருங்கியபோது கார் வைக்கோல் கட்டில் மோதிப் பார்வையாளர்கள் மீது பாய, பலர் இறந்தார்கள். தூக்கி வீசப்பட்ட எல்லே நீஸ் ஒரு படைவீரர் மீது விழுந்ததால் உயிர் பிழைத்தார். அந்த வீரர் பிழைக்கவில்லை. இதற்குப் பிறகு கையேட்டில் இருப்பது 'போருக்குப் பின் அவர் பந்தய உலகிலிருந்து விலகினார்' என்ற ஒற்றை வரி.

அவர் விலகவில்லை, விலக்கப்பட்டார். விபத்துக்கு மறு ஆண்டே, 1937-இல், மோன்லேரியில் வேறு பெண் ஓட்டுநர்களோடு முறை வைத்துப் பத்து நாள் இரவு பகலாகக் கார் ஓட்டி நீள்தூரச் சாதனைகள் படைத்தார். 1949 மோன்டே கார்லோ ராலியை ஒட்டி நடந்த விருந்தில், சக ஓட்டுநர் லூயி ஷிரோன் அவரை ஜெர்மானிய நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் ஆள் என்று எல்லோர் முன்னிலையிலும் குற்றஞ்சாட்டினார். அதற்கு ஆதாரம் அன்றும் காட்டப்படவில்லை. பின்னாளில் ஆவணங்களைத் தேடியவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் ஆதரவாளர்கள் நகர்ந்துவிட்டார்கள். பழைய மேடைக் கலைஞர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையின் தயவில் வாழ்ந்து, 1984-இல் நீஸ் நகரில் வறுமையில் இறந்தார். சேந்த்-மெம் ஊரில் உள்ள குடும்பக் கல்லறையில் அவருக்கென ஒரு பெயர்ப்பலகை வைக்கப்பட்டது 2010-இல்தான். ஷிரோனின் பெயரிலோ புகாட்டி நிறுவனம் 2016-இல் ஒரு காரையே வெளியிட்டது. இதில் எதுவும் கையேட்டில் இல்லை. இவற்றுக்கு இடமில்லாமல் போகவுமில்லை, ஏனென்றால் கடைசி இரு பக்கங்களை அதே தயாரிப்பாளரின் பிற மாதிரிகளுக்கான விளம்பரம் நிரப்பியிருக்கிறது.

இன்னொன்றையும் வாங்குவோர் கவனிக்க வேண்டும். காரைத் திருகி நிறுத்தும் மரப்பீடத்தின் பித்தளைத் தகட்டில் காரின் பெயரும் ஆண்டும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன. எல்லே நீஸின் பெயர் இருப்பது பெட்டிக்கு மேலே சுற்றிய காகித உறையில்தான். கண்ணாடி அலமாரியில் வைத்தபின் இரு பதிப்புகளுக்கும் வேறுபாடு கிடையாது. ஆகவே காருக்காக வாங்குபவர்கள் தயங்காமல் ரூ. 13,500 பதிப்பையே எடுக்கலாம்.