சிங்கப்பூரில் ரயிலை நம்பித் தங்க எது வசதி: தேக்காவா, லவண்டரா, சைனாடவுனா?

சிங்கப்பூர் நகர மையத்தில் எந்த ஹோட்டலைத் தேடினாலும் 'எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்ற வரி இருக்கும். பெரும்பாலும் அது உண்மைதான், ஏனென்றால் மையத்தில் நிலையங்கள் அவ்வளவு நெருக்கம். ஆனால் எல்லா ஹோட்டலுக்கும் பொருந்தும் வரியை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. கார் இல்லாமல் சுற்றப்போகிறவர்கள் கேட்க வேண்டியவை இரண்டு. அந்த நிலையம் எந்த ரயில் பாதையில் இருக்கிறது? அதன் எந்த வாசலிலிருந்து ஹோட்டலுக்கு நடக்க வேண்டும்?

என் தேர்வு தேக்கா. தேக்கா என்றால் லிட்டில் இந்தியா முழுவதும் இல்லை. சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவே டன்லப் ஸ்திரீட், டிக்சன் ரோடு, அப்பர் வெல்ட் ரோடு என்று குறுக்கே ஓடும் தெருக்கள் மட்டும். சைனாடவுன் இதற்கு நெருங்கிய போட்டி. லவண்டர் சிலருக்கு இதைவிட நல்லது. அது யாருக்கு என்று கீழே சொல்கிறேன்.

தினமும் நாலு தடவை நடக்கும் தூரம்

பலரும் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். நாலு நாள் தங்கினால் அந்தப் பயணம் போக வர இரண்டே தடவை. நிலைய வாசலுக்கும் ஹோட்டல் வாசலுக்கும் நடுவே உள்ள நடையோ, ஒரு நாளைக்கே நாலு தடவை: காலையில் கிளம்ப, மதியம் வெயிலுக்கு ஒதுங்க, மாலையில் மறுபடி வெளியே, இரவில் திரும்ப. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே உள்ள ஊர் இது. மதியம் அறைக்குத் திரும்பாமல் நாள் முழுக்கச் சுற்றினால் குழந்தைகளும் பெரியவர்களும் இரண்டாம் நாளே சோர்ந்துவிடுவார்கள். திரும்பும் வழியிலேயே மதியச் சாப்பாடும் கிடைத்துவிட்டால் அந்த நடை வீண் போகாது. சோறும் ரயிலும் ஒரே பத்து நிமிட வட்டத்துக்குள் இருப்பதால்தான் தேக்கா மற்ற இரண்டையும் முந்துகிறது.

டன்லப் ஸ்திரீட்டின் நடுவில், அப்துல் கஃபூர் பள்ளிவாசல் பக்கம் நின்றால் மூன்று நிலையங்கள் பத்து நிமிட நடைக்குள் இருக்கும்: மேற்கே லிட்டில் இந்தியா, தெற்கே ரோச்சோர், கிழக்கே ஜாலான் புசார். லிட்டில் இந்தியாவில் வடகிழக்குப் பாதையும் டௌன்டவுன் பாதையும் சேர்கின்றன. மற்ற இரண்டும் டௌன்டவுன் பாதை நிலையங்கள்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள். டௌன்டவுன் பாதை நகருக்குள் ஒரு சுருக்குப் போட்டுத் தன்னைத்தானே கடந்து போகிறது. ரோச்சோரும் ஜாலான் புசாரும் நடந்தால் சில நிமிட தூரம். ஆனால் ரயிலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக பூகிஸ், மரீனா, சைனாடவுன் எல்லாம் சுற்றி ஒன்பது நிலையம் கடக்க வேண்டும். எனவே போகும் இடத்தைப் பார்த்துப் புறப்படும் நிலையத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மரீனா பே, கார்டன்ஸ் பை த பே போக ரோச்சோர் சரி. எக்ஸ்போ பக்கம் போகும் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பேஃபிரண்ட். இதையே ஜாலான் புசாரிலிருந்து போனால் ஆறு நிறுத்தம். சைனாடவுனுக்கு ஜாலான் புசார் சரி. புக்கிட் பாஞ்சாங் பக்கம் போகும் ரயிலில் பென்கூலன், ஃபோர்ட் கேனிங், அடுத்தது சைனாடவுன். ரோச்சோரிலிருந்து போனால் இது ஆறு நிறுத்தம் ஆகிவிடும். செந்தோசாவுக்கு லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதையைப் பிடியுங்கள். மாறவே வேண்டாம், ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். அங்கே விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் தீவுக்குப் போகும் மோனோரயில். தாவரவியல் பூங்காவுக்கு அதே லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதை, மூன்றாவது நிறுத்தம்.

மண்டாய் விலங்குத் தோட்டம் மட்டும் கொஞ்சம் வேலை வைக்கும். லிட்டில் இந்தியாவிலிருந்து டௌன்டவுன் பாதையில் ஒரு நிறுத்தம் தள்ளி நியூட்டனில் இறங்கி, வடக்கு-தெற்குப் பாதையில் காத்திப் வரை ஏழு நிறுத்தம், அங்கிருந்து விலங்குத் தோட்டத்துக்குத் தனிப் பேருந்து. நியூட்டனில் ஒரு பாதையிலிருந்து மற்றதற்குப் போகும்போது கட்டண வாயிலைத் தாண்டி வெளியே வந்து மறுபடி உள்ளே நுழைய வேண்டும். பயணம் முடிந்துவிட்டது என்று நினைத்து அங்கே உட்கார்ந்து இளைப்பாறாதீர்கள். உடனே அட்டையைத் தட்டி உள்ளே போனால்தான் அது ஒரே பயணமாகக் கணக்காகும்.

சாப்பாட்டைப் பற்றித் தமிழர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேக்கா சந்தையின் உணவங்காடியும், 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸும், சுற்றிலும் உள்ள சைவ, அசைவக் கடைகளும் போதும். லிட்டில் இந்தியா நிலையத்தின் 'சி' வாசல் தேக்காவை ஒட்டியே திறக்கிறது.

சாங்கியிலிருந்து பெட்டியோடு வரும்போது

தேக்காவின் பலவீனம் இதுதான். 'லிட்டில் இந்தியா' என்று வரைபடத்தில் போட்டால் அது காட்டும் வழிகளில் ஒன்று, தானா மேராவில் மாறி பூகிஸ் வந்து, அங்கே மறுபடி மாறி இரண்டு நிறுத்தம் போவது. பூகிஸில் கிழக்கு-மேற்குப் பாதை மேடையிலிருந்து டௌன்டவுன் பாதை மேடைக்கு நீண்ட நடை. பெரிய பெட்டியோடு அது வேண்டாம்.

இப்படி வாருங்கள். சாங்கியில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்குங்கள். அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாறி, பதின்மூன்றாவது நிறுத்தமான ஜாலான் புசாரில் இறங்கி நடந்துவிடுங்கள். மாற்றம் ஒன்றுதான். எக்ஸ்போவில் விமான நிலைய ரயில் மேம்பாலத்தில் நிற்கிறது, டௌன்டவுன் ரயில் பூமிக்கடியில் ஓடுகிறது. ஆகவே இறக்கம் அதிகம், லிஃப்டைத் தேடிப் போவது நல்லது. ஜாலான் புசாரைத் தவறவிட்டு அதே ரயிலில் உட்கார்ந்தே லிட்டில் இந்தியா போனால் பத்து நிறுத்தம் கூடுதல். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் முன்பதிவுச் சீட்டில் ஹோட்டல் பெயரோடு 'லிட்டில் இந்தியா' என்றுதான் போட்டிருக்கும்.

லவண்டர்: யாருக்கு நல்லது

லவண்டர் கிழக்கு-மேற்குப் பாதையில் இருக்கிறது. சாங்கியிலிருந்து வந்து தானா மேராவில் மாறினால் ஏழாவது நிறுத்தம். மாற்றம் ஒன்று, சுற்று இல்லை, குழப்பமும் இல்லை. நிலையத்தை ஒட்டியே பெரிய கட்டடத்தில் வி ஹோட்டல் இருக்கிறது. மழையில் நனையாமல், படி ஏறாமல் அறைக்குப் போக வேண்டும், முழங்கால் வலிக்கும் பெற்றோர் கூட வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். ராஃபிள்ஸ் பிளேஸ் வழியாக மெர்லயன் சிலைக்கும் நேரே போகலாம். ஒரு பொழுது ஊர் சுற்றிவிட்டு அடுத்த விமானம் பிடிப்பவர்களுக்கும் லவண்டர்தான் சரி.

செந்தோசாவுக்கு ஊட்ரம் பார்க்கிலும், காத்திப்புக்கு சிட்டி ஹாலிலும் மாற வேண்டியிருக்கும். அது பெரிய குறையில்லை. குறை சாப்பாட்டில்தான். தேக்கா சாப்பாடு வேண்டுமென்றால் ஒவ்வொரு வேளையும் தனிப் பயணம். இரண்டாம் நாளுக்குப் பிறகு மதியம் திரும்பி வரும் பழக்கமே விட்டுப்போகும், பிள்ளைகள் பேரங்காடியின் குளிர்பதனத்தில் நேரம் போக்குவார்கள்.

சைனாடவுன்

ரயிலை மட்டும் கணக்கில் எடுத்தால் சைனாடவுன் தேக்காவை ஒரு படி முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வடகிழக்கு, டௌன்டவுன் இரண்டும் ஒரே நிலையத்தில். ஹார்பர்ஃபிரண்ட் இரண்டே நிறுத்தம், பேஃபிரண்ட் மூன்று. விமான நிலையத்துக்கு எக்ஸ்போ வழியாக ஒரே மாற்றம். மூன்று நிலையங்களில் எது என்று யோசிக்கும் வேலையும் இல்லை. 1827-இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோவில் சவுத் பிரிட்ஜ் சாலையில், நடக்கும் தூரத்தில். சீன உணவு உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றால் இங்கேயே தங்கலாம். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் தேக்காதான் நிம்மதி. சைனாடவுன் ஹோட்டல்களில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் ரயிலுக்கு மேல் அதற்குச் சான்று தர மாட்டேன்.

பூகிஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது, அதற்கேற்ப விலையும் கூடுதலாக இருக்கும். ஃபேரர் பார்க் முஸ்தபா கடைத்தொகுதிக்கும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலுக்கும் பக்கம். ஆனால் வடகிழக்குப் பாதை ஒன்றுதான் உண்டு, சாங்கியிலிருந்து வர இரண்டு மாற்றம். தைப்பூசத்துக்கு வருபவர்களுக்கு மட்டும் ஃபேரர் பார்க்கைச் சொல்வேன். காவடிகள் அந்தக் கோவிலிலிருந்துதான் டேங்க் ரோட்டு முருகன் கோவிலுக்குக் கிளம்புகின்றன. அன்று அங்கே சாலைகளை மூடுவார்கள், டாக்சி பக்கத்தில் வராது, ரயில் வழக்கம்போல ஓடும்.

தேக்காவில் பதிவு செய்யும் முன்

இந்தத் தெருக்கள் 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். ஹோட்டல்களில் பல, பழைய இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகளைத் திருத்தி அமைத்தவை. அவற்றில் சிலவற்றில் லிஃப்ட் கிடையாது. படங்களில் இது தெரியாது. வசதிகள் பட்டியலில் 'லிஃப்ட்' என்ற சொல் இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு, தரைத்தள அல்லது முதல் மாடி அறை கேட்டு எழுதுங்கள். விலை குறைந்த அறைகளில் ஜன்னல் இருக்காது. அறை வகையிலேயே 'ஜன்னல் இல்லை' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஓரிரவுக்குப் பரவாயில்லை. மதியம் திரும்பி வந்து தூங்கும் திட்டமிருந்தால் ஜன்னலற்ற அறை நல்லதுதான் என்பவர்களும் உண்டு. ஆனால் துவைத்த துணி காயாது.

கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதை வெயிலுக்கும் மழைக்கும் கூரை தரும். டிசம்பர், ஜனவரி மழையில் அதன் அருமை தெரியும். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரை மட்டம் மாறும், நடுவில் ஓரிரு படிகள் வரும், சரக்கும் அடுக்கியிருப்பார்கள். சக்கரப் பெட்டியோ குழந்தை வண்டியோ இருந்தால் அதில் போகாமல் தெருவோரமாகப் போக வேண்டிவரும். ஞாயிறு மாலை தொழிலாளர்களின் விடுமுறைக் கூட்டம் சிராங்கூன் சாலைப் பக்கம் நிரம்பும். அன்றைக்குப் பெட்டியோடு வந்து சேர்கிறவர்கள் ஜாலான் புசார் பக்கமாக நுழைவது எளிது.

தூரத்தை அளக்கும்போது நிலையத்தின் பெயரிலிருந்து அளக்காதீர்கள். வரைபடத்தில் வாசல் எழுத்தைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து அளக்க வேண்டும். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, எல்லா வாசலிலும் இல்லை. லிஃப்ட் வாசல் சாலையின் மறுபக்கம் திறந்தால் சிக்னலுக்கு நின்று கடக்க வேண்டும். '5 நிமிடம்' அப்படித்தான் பத்தாகிறது.

விலையைப் பார்க்கும்போது இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அதற்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேரும். ஹோட்டலைவிட மலிவாக அடுக்குமாடி வீட்டு அறை என்று வரும் விளம்பரங்களைத் தவிருங்கள். தனியார் குடியிருப்புகளில் மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. பணம் கட்டிய பிறகு சிக்கல் வந்தால் உங்களுக்குப் பிடிமானம் இருக்காது.

ரயிலுக்குத் தனி அட்டை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொடாமல் தட்டும் விசா, மாஸ்டர்கார்டு அட்டை போதும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒன்றை இருவர் மாற்றித் தட்ட முடியாது. வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு கட்டணம். நாலு நாளைக்கு 2.40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இந்திய அட்டையானால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டும் வசதியையும் வங்கிச் செயலியில் ஊரிலேயே திறந்துவிட்டுக் கிளம்புங்கள். 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. பேருந்தில் இறங்கும்போதும் தட்ட மறக்கக் கூடாது. மறந்தால் அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம் வரைக்கும் பணம் எடுக்கும்.

இரவு 11 மணிக்கு மேல் சாங்கியில் இறங்கும் விமானமானால் ரயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குடிநுழைவும் பெட்டியும் முடிவதற்குள் கடைசி ரயில் போயிருக்கும். நள்ளிரவு முதல் காலை 6 வரை டாக்சி மீட்டரில் பாதி கூடுதலாகச் சேரும். அதிகாலை விமானத்துக்குத் திரும்பும் நாளிலும் இதே நிலைதான், முதல் ரயில் உங்களுக்குப் பிந்திவிடும். அந்த ஓர் இரவுக்கு மட்டும் டாக்சிப் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மிச்ச நாட்களுக்கு ஹோட்டலைத் தேர்ந்தெடுங்கள்.