கதவடி இடுக்குக்கு நுரை உருளையா, பிரஷ் பட்டையா?

கதவுக்கு அடியில் நுழையும் குளிர்காற்றையும் தூசியையும் தடுக்க இரண்டு வழி. ஒன்று, துணி உறைக்குள் இரண்டு நுரை உருளைகள். கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுத்துணி அடியில் போகும். இன்னொன்று, கதவின் கீழ்விளிம்பில் திருகி மாட்டும் பிரஷ் பட்டை.

டைல்ஸ், மரத்தரை என்றால் உருளைதான் என் தேர்வு. திருகு வேண்டாம், கதவோடு வழுக்கிக்கொண்டு வரும், உறையைக் கழற்றித் துவைக்கலாம். கார்பெட்டில் அதே உருளை சொதப்பும். இழைகளில் உரசிச் சுருண்டு, நாலு முறை திறந்து மூடினால் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அங்கே பிரஷ் பட்டைதான் சரி, பிரஷ் இழைகள் வளைந்து கொடுக்கும். மாட்டும் முன் கதவை முழுக்கத் திறந்து, கார்பெட் மேடாக இருக்கும் இடத்தில் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிரஷ் நுனி லேசாகத் தொட்டால் போதும், அழுந்தினால் கதவு இழுக்கும்.

அப்புறம், கதவைத் திறந்தே நிறுத்த வெறுந்தரையில் ரப்பர் ஆப்பு போதும். வழுக்கினால் அடியில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். அடர்ந்த கார்பெட்டில் ஆப்பு அமுங்கிப்போகும், கனமான ஸ்டாப்பரே நிற்கும்.

கேஸ் ஹீட்டர் எரியும் அறையில் மட்டும் கதவிடுக்கை அடைக்கவே வேண்டாம்.